பாலாற்றுக்கு ஒரு சட்டம் வருமா? - மாரிகுப்பம் எழுப்பும் கேள்வி

புதுதில்லி: நச்சுக் கழிவால் பாழ்பட்ட நிலங்களைக் கண்டறிந்து சீரமைப்பதற்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் அறிவிக்கை செய்தது. தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற பழைய கழிவுகளுக்கு யார் பொறுப்பு, யார் செலவை ஏற்பது என்பதை முதன்முறையாக வரையறுத்த விதிகள் இவை. ஆனால் அவற்றில் ஒரு விதிவிலக்கு உள்ளது. சுரங்கப் பணிகளால் ஏற்பட்ட மாசு இந்த விதிகளின் வரம்புக்குள் வராது.

தலைநகரில் அதிகம் பேசப்படாத இந்த விதிவிலக்கு, கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலின் தென்கோடியில் உள்ள மாரிகுப்பத்தை நேரடியாகத் தொடுகிறது. அங்கு குடியிருப்புகளை ஒட்டி நிற்கும் மண்மேடுகளை மக்கள் "சயனைடு மலை" என்றே அழைக்கின்றனர். தங்கவயல் முழுவதும் இத்தகைய 13 மேடுகள். அவற்றில் சுமார் 3.3 கோடி டன் கழிவு மண். இவற்றிலிருந்து மீண்டும் தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ஆக, மண்ணில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த மண்ணையும், அருகே ஓடும் பாலாற்றையும், வேலை இழந்த மக்களையும் சேர்த்து மீட்பதற்கு வழி இருக்கிறதா என்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி.

120 ஆண்டுச் சுரங்கம்

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. சுரங்க இயந்திரங்களுக்காகவே 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பல்லாயிரம் தொழிலாளர்கள் இங்கு வந்து "லைன்" எனப்படும் ஓரறை வீடுகளில் குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் 3 கிலோ மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குச் சென்றது. மொத்தத்தில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெட்டியெடுக்கப்பட்டது.

1956-ல் மைசூர் மாநில அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. நஷ்டத்தைக் காரணம் காட்டி, 2001 பிப்ரவரி 28-ம் தேதியுடன் சுரங்கம் மூடப்பட்டது. அப்போது பணியில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களை நம்பியிருந்த கடைகள், பட்டறைகள், கைத்தொழில்கள் கணக்கில் சேரவில்லை.

அதன்பின் மாரிகுப்பம் ரயில் நிலையமே ஊரின் வாழ்வாதாரமாக மாறியது. பங்காருப்பேட்டையிலிருந்து வரும் கிளைப் பாதையின் கடைசி நிலையம் அது. அதிகாலையில் அங்கிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் சென்று, கட்டடப் பணி, காவல் பணி, கடை வேலை, தொழிற்சாலை வேலை என்று உழைத்துவிட்டு இரவில் திரும்புகின்றனர். தங்கம் தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் பல மணி நேரத்தை ரயிலிலேயே கழிக்கும் நிலை.

ஆறு கொடுத்தது என்ன, பெற்றது என்ன?

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு கர்நாடகத்தில் சுமார் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழகத்தில் 222 கி.மீ. ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. தங்கவயலுக்குக் கிழக்கே பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் கடந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் சுரங்க நகரத்துக்குத் தண்ணீர் சென்றது. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரிக்கும் முறைக்குப் பெருமளவு நீர் தேவை. அந்த நீரைக் கொடுத்தது பாலாறு.

பதிலுக்கு ஆற்றுப் படுகை பெற்றது கழிவு மண்தான். திறந்தவெளியில் வெயில் படும்போது சயனைடு காலப்போக்கில் சிதைந்துவிடும். மாவு போன்ற நுண்ணிய மண்ணும், அதில் உள்ள உப்புகளும், கன உலோகங்களும் அப்படிச் சிதைவதில்லை. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் புகுகிறது. மழைக் காலத்தில் மண் கரைந்து ஓடைகளிலும் தாழ்வான நிலங்களிலும் படிகிறது. மேடுகளில் மரம் வளர்க்கும் முயற்சிகள் நடந்தாலும், பெரும்பகுதி இன்றும் மொட்டையாகவே காட்சியளிக்கிறது. திரைப்படப் படப்பிடிப்பால் நாடறிந்த இடமாக அது மாறியது; ஆனால் அருகில் வசிப்பவர்களின் நிலை மாறவில்லை.

கோலார் மாவட்டத்தின் ஏரிகளை நிரப்ப 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டும் போதாது, மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று விவசாயிகள் கோரிவருகின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நீர் கொண்டுவரும் எத்தினஹொளே திட்டத்தின் முதல் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. வெளியிலிருந்து நீரைக் கொண்டுவரப் பல ஆயிரம் கோடி ரூபாய் செலவிட முன்வரும் அரசுகள், உள்ளூர் ஆற்றை மீட்பதற்கென்று தனித் திட்டம் எதையும் முன்வைக்கவில்லை.

கைவிட்ட மூன்று சட்டங்கள்

தங்கவயலின் பிரச்னை சட்டமே இல்லாததால் எழுந்ததன்று. சட்டங்கள் வந்தன, ஒவ்வொன்றும் தங்கவயலைத் தவிர்த்துவிட்டுச் சென்றன என்பதே உண்மை.

முதலாவது, சுரங்க மூடல் விதிகள். சுரங்கத்தை மூடுபவர் நிலத்தைச் சீரமைக்கத் திட்டம் தர வேண்டும், அதற்குப் பிணைத் தொகை கட்ட வேண்டும் என்ற விதி 2003 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. தங்கவயல் மூடப்பட்டதோ 2001-ல். இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரு பெரிய பொறுப்பு எவர் கணக்கிலும் சேராமல் போனது. மூடியது தனியார் நிறுவனம் அன்று. மத்திய அரசின் நிறுவனமே என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, மாவட்ட கனிம அறக்கட்டளை. 2015-ல் சுரங்கச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, சுரங்கம் நடத்துபவர்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமத் தொகையுடன் கூடுதலாக ஒரு பங்கை மாவட்ட மக்களின் நலனுக்குத் தர வேண்டும். நாடு முழுவதும் இந்த நிதியில் சேர்ந்த தொகை ஒரு லட்சம் கோடி ரூபாயைக் கடந்துவிட்டது. சுரங்கத்தைச் சுற்றி 15 கி.மீ. வரை நேரடிப் பாதிப்புப் பகுதி என்று 2024-ம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்துள்ளன. ஆனால் இந்த நிதி, இயங்கும் சுரங்கத்திலிருந்து வருவது. மூடிய சுரங்கம் உரிமத் தொகை கட்டுவதில்லை. எனவே நூறாண்டுகளுக்கும் மேலாக நாட்டுக்குத் தங்கம் கொடுத்த தொழிலாளர்களின் ஊருக்கு, அந்தத் தங்கத்தின் பெயரால் ஒரு பைசாவும் இந்த வழியில் வரவில்லை.

மூன்றாவது, தொடக்கத்தில் குறிப்பிட்ட 2025 விதிகள். இதே பாலாற்றின் கரையில், தமிழகத்தின் ராணிப்பேட்டையில், 1990-களில் மூடப்பட்ட ஒரு ரசாயன ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்துள்ளது. அத்தகைய தொழிற்சாலைக் கழிவுக்கு இந்த விதிகளில் இடம் உண்டு. அதே ஆற்றின் மேல்பகுதியில், கோடிக்கணக்கான டன் சுரங்கக் கழிவுக்கு இடம் இல்லை. ஒரே ஆறு, இரண்டு நீதி.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

பாலாற்றுக்கு நீதிமன்றத்தின் கதவு திறக்காமல் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவு குறித்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்பு அதுவே.

அத்தீர்ப்பின்படி, 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3(3) பிரிவின்கீழ் மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. 7 வட்டங்களில் 15 ஆயிரம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் கெட்டுள்ளது என்றும், 547 ஆலைகள் சேர்ந்து 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அந்த ஆணையம் 2001 மார்ச்சில் உத்தரவிட்டது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 9,200 ரூபாய். அந்தத் தொகையும் எல்லோரையும் சென்றடையவில்லை.

2025 ஜனவரி 30-ம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இதே விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இழப்பீடு பெறாதவர்களுக்கு 6 வாரங்களில் அரசே வழங்கிவிட்டு, ஆலைகளிடம் பின்னர் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றின் நிலையைக் கண்காணிக்கவும் பணித்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. ஒன்று, இழப்பீடு ஆற்றை மீட்பதில்லை. கெட்டுப்போன கிணற்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் தரலாம். கிணற்றில் நல்ல நீர் ஊறுவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். மற்றொன்று, ஆணையத்தின் அதிகாரம் மாநில எல்லையில் நின்றுவிட்டது. தமிழகத்துக்கென்று அமைக்கப்பட்ட ஆணையத்தால், எல்லைக்கு அப்பால் ஆற்றின் தலைப்பகுதியில் நடப்பதைக் கேட்க முடியாது.

நதிக்கென்று சட்டம் உண்டா?

அரசியல் சாசனத்தின்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் நதிகளின் ஒழுங்குமுறை, மேம்பாடு பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 56-வது இனத்தின்படி நாடாளுமன்றத்துக்கு உண்டு. அந்த அதிகாரத்தின்கீழ் 1956-ல் நதி வாரியங்கள் சட்டம் நிறைவேறியது. இதுநாள்வரை அச்சட்டத்தின்படி ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை.

அதற்குப் பதிலாக 2018-ல் நதிப் படுகை மேலாண்மை மசோதாவின் வரைவு வெளியானது. காவிரி, கிருஷ்ணா, பெண்ணாறு உள்ளிட்ட 13 படுகைகளுக்கு, முதல்வர்கள் இடம்பெறும் ஆணையங்களை அமைக்க அது முன்மொழிந்தது. பாலாறு அதில் தனிப் படுகையாக இடம்பெறவில்லை. வரைவும் சட்டமாகவில்லை. நதிநீர்த் தாவாக்களை விரைந்து தீர்க்க ஒரே தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல், 2024-ல் மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது.

எஞ்சியிருப்பது தாவா மட்டுமே. பாலாற்றில் குப்பம் அருகே ஆந்திரம் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 2006-ல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1892-ம் ஆண்டு சென்னை - மைசூர் ஒப்பந்தமே தமிழகத்தின் வாதத்துக்கு அடிப்படை. தடுப்பணைகளின் உயரம் குறித்து 2016-லும், புதிய தடுப்பணைக்கு அடிக்கல் நாட்டியது குறித்து 2024-லும் மோதல் எழுந்தது. எவ்வளவு நீர் யாருக்கு என்பதில் மூன்று மாநிலங்களும் போரிடுகின்றன. அந்த நீர் எப்படிப்பட்ட நீர் என்று கேட்பதற்கு ஒரு மன்றம் இல்லை.

கங்கைக்கு மட்டும் இந்த நிலை இல்லை. 2016 அக்டோபரில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில், கங்கைப் புனரமைப்பு ஆணையங்களை மத்திய அரசு ஓர் ஆணை மூலமே அமைத்தது. பிரதமர் தலைமையில் தேசியக் கவுன்சில், மாநிலக் குழுக்கள், மாவட்டக் குழுக்கள் என்று கங்கைப் படுகை முழுவதற்கும் அதிகாரம் பரவியது. கங்கை தூய்மையாகிவிட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் பல மாநில நதி ஒன்றுக்கு, மாநில எல்லைகளைக் கடந்த அமைப்பை நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் இயற்றாமலேயே உருவாக்க முடியும் என்பதை அது நிரூபித்தது. 1996-ல் பாலாற்றுக்கு ஆணையம் தந்ததும் இதே சட்டம்தான். கங்கைக்கு முழுப் படுகை, பாலாற்றுக்கு ஒரு மாநிலத்தின் ஒரு தொழில் என்று அதன் வீச்சு மட்டும் வேறுபட்டது.

உலகம் செய்தது

சுரங்கத்தால் கெட்ட ஆற்றையும் ஊரையும் சேர்த்து மீட்பது பிற நாடுகளுக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியான ரூரில் எம்ஷர் ஆறு சாக்கடையாக மாறியபோது, சுரங்கங்களையும் ஆலைகளையும் நகராட்சிகளையும் கட்டாய உறுப்பினர்களாகக் கொண்ட கூட்டமைப்புக்கு 1904-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சுரங்கத் தொழில் நலிந்த பின் 1990-களில் அதே அமைப்பு ஆற்றை மீட்கும் பணியைத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள், 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு. 2021 இறுதியில் எம்ஷரில் சாக்கடை விடுவது முற்றிலும் நின்றது.

அமெரிக்காவில் 1977-ம் ஆண்டுச் சட்டம், இன்று வெட்டப்படும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு கட்டணம் வசூலித்து, முன்பே கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைக்கப் பயன்படுத்துகிறது. 2021-ல் இதற்கென மேலும் 1,130 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. சீரமைப்பதுடன் நிற்காமல், அந்த இடத்தில் உள்ளூர் மக்களுக்குத் தொழிலும் உருவாக வேண்டும் என்ற நிபந்தனையுடன் சில மாநிலங்களுக்கு 2016 முதல் தனி மானியமும் தரப்படுகிறது.

இயங்கும் சுரங்கம் மூடிய சுரங்கத்துக்குக் கடன்பட்டது என்பதே இதன் அடிப்படை. நம் சட்டத்தில் இல்லாத கொள்கை இதுதான்.

நூறு ரூபாய்க்கு நாற்பது பைசா

மண்மேடுகள் ஏலத்துக்கு வந்தால் மாவட்ட அறக்கட்டளைக்கு நிதி வரும்தானே என்று கேட்கலாம். வரும், எவ்வளவு என்பதே விஷயம். தங்கத்துக்கான உரிமத் தொகை அதன் மதிப்பில் 4 சதவீதம். ஏலத்தில் விடப்படும் குத்தகையில் அறக்கட்டளையின் பங்கு அந்த உரிமத் தொகையில் 10 சதவீதம். அதாவது, நூறு ரூபாய்த் தங்கத்துக்கு மக்கள் நலனுக்கு நாற்பது பைசா. உரிமத் தொகையும் ஏலத்தில் கிடைக்கும் கூடுதல் தொகையும் மாநில அரசின் பொதுக் கணக்குக்குச் செல்லும்.

மேலும், ஒரு டன் கழிவு மண்ணில் சுமார் ஒரு கிராம் அளவுக்கே தங்கம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. தங்கத்தை எடுத்த பின்பும் 3.3 கோடி டன் மண் அப்படியே மிஞ்சும். மறுபடியும் நீர் தேவைப்படும். மறுபடியும் ரசாயனக் கரைசல் பயன்படும். முறையான நிபந்தனைகள் விதித்தால், மண்ணைப் பாதுகாப்பான குழிகளில் நிரப்பி, மேடுகளை என்றென்றைக்குமாக அகற்றக் கிடைத்த அரிய வாய்ப்பு இது. நிபந்தனை இல்லாவிட்டால், நூறாண்டுக் கதை இரண்டாம் முறை நிகழும்.

எனவே மூன்று அம்சங்கள் சட்டத்தின் வடிவில் வருவது அவசியமாகிறது. நந்தி மலை முதல் வயலூர் வரை முழு ஆற்றையும் வரம்பாகக் கொண்ட, மூன்று மாநிலங்களும் இடம்பெறும் ஆணையம் வேண்டும். கழிவு மண்ணிலிருந்து வரும் வருவாயில் கணிசமான பங்கு ஆற்றுக்கும் தங்கவயலுக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். சீரமைப்புப் பணியில் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமை, அதற்கான பயிற்சி, அவர்கள் வசிக்கும் வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் ஆகியவை ஏல நிபந்தனையிலேயே இடம்பெற வேண்டும். ஏலம் முடிந்த பிறகு கேட்பது கோரிக்கை; ஏலத்துக்கு முன் எழுதினால்தான் உரிமை.

அரசியல் கணக்கு

இது நடக்குமா? எதிர்ப்புகளுக்குக் குறைவில்லை. தண்ணீரில் மத்திய ஆணையம் என்றாலே மாநில உரிமை பறிபோகும் என்ற அச்சம் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் உண்டு. மேட்டூருக்காகவும் முல்லைப் பெரியாறுக்காகவும் பல்லாண்டுகள் போராடிய தமிழகம், புதிய அமைப்பை ஐயத்துடன் பார்ப்பது இயல்பே. நீர்ப் பங்கீட்டில் தலையிடாமல், நீரின் தரத்தையும் படுகையின் சீரமைப்பையும் மட்டும் கவனிக்கும் அமைப்பு என்று வரையறுத்தால் இந்த அச்சத்தைப் போக்க இயலும்.

மறுபுறம், சாதகமான சூழலும் உண்டு. 2024 தேர்தலில் கோலார் மக்களவைத் தொகுதி மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கும், சித்தூர் தெலுங்கு தேசத்துக்கும் கிடைத்தன. இரண்டும் மத்தியில் ஆளும் கூட்டணியின் கட்சிகள். ஆந்திரத்தில் பாலாறு ஓடும் குப்பம், அவ்வாண்டில் மீண்டும் முதல்வரான சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வேலூர், அரக்கோணம், காஞ்சிபுரம் தொகுதிகளை வென்றது தி.மு.க. ஆளும் அணி, எதிரணி இரண்டுக்கும் இந்த ஆற்றின் கரையில் வாக்காளர்கள் உள்ளனர். இவர்கள் ஒரே கோரிக்கையுடன் சுரங்க அமைச்சகத்தையும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தையும் அணுகினால், அதை மத்திய அரசு எளிதில் புறக்கணிக்க முடியாது. இதுவரை அப்படி ஒரு கூட்டுக் குரல் எழுந்ததில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

தங்கவயலின் தமிழர்கள் அரசியலில் ஒதுங்கி நின்றவர்கள் அல்லர். இந்தியக் குடியரசுக் கட்சியும் அ.தி.மு.க.வும்கூட இங்கிருந்து கர்நாடக சட்டப்பேரவைக்கு உறுப்பினர்களை அனுப்பியுள்ளன. ஆனால் கர்நாடக அரசியலில் இவர்கள் தமிழர்கள். தமிழக அரசியலில் இவர்கள் வெளிமாநிலத்தவர். இரு மாநிலங்களுக்கும் இடையே இவர்களின் பிரச்னை நழுவிவிடுவதைப் போலவே, பாலாற்றின் பிரச்னையும் நழுவிவிடுகிறது.

மத்திய அரசுக்கு இதில் இரட்டைப் பொறுப்பு உண்டு. சுரங்கத்தை நடத்தியதும் மூடியதும் அதன் நிறுவனம். இப்போது கழிவு மண்ணை ஏலத்துக்குக் கொண்டுவருவதும் அதுவே. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று பாலாற்றின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. தோல் ஆலை முதலாளிகளுக்குப் பொருந்திய அந்த நீதி, சுரங்கம் நடத்திய அரசுக்கும் பொருந்துமா என்பதற்கு தில்லி பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் ஏல அறிவிப்புக்கு முன்பே வருமா என்பதில்தான் மாரிகுப்பத்தின் எதிர்காலமும் பாலாற்றின் எதிர்காலமும் அடங்கியுள்ளன.